பின் சீட்டுக்காரி

"ஏங்க, பிடியைக் கொஞ்சம் தளர்த்துங்க! மூச்சு முட்டுது!"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள் வசுமதி. காற்று அந்தக் கத்தலைப் பிய்த்துப் பின்னால் எறிந்தது.

401 நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் அறுபது மைல் வேகத்தில் டொராண்டோவை நோக்கிப் பறந்தது. வலப்பக்கம் ஒரு ராட்சச லாரி. அதன் சக்கரங்கள் ஏப்ரல் மாதத்துச் சேற்றுப் பனியை அவள் பூட்ஸ் மீது வாரி இறைத்தன. அஜக்ஸில் வண்டியை வாங்கி முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பின் சீட்டில் கணவன் கல்யாணசுந்தரம். வழியில் கேஸ் ஸ்டேஷனில் பெட்ரோல் போட்டுக் கிளம்பியதிலிருந்து, அவள் இடுப்பைச் சுற்றிய பிடி இறுகிக்கொண்டே வந்தது.

"இந்த ரோட்டுக்கே இப்படிப் பயந்தா, நார்வே மலையில என்ன பண்ணுவீங்க?"

பிடி இன்னும் ஒரு சுற்று இறுகியது.

இடப்பக்கம் ஹார்ன் அலறியது. நண்பன் ஜாபரின் நீல நிற டாட்சன் கார். கண்ணாடி இறங்கியது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. கையில் பாதி கடித்த டோனட்.

கல்யாணசுந்தரம்!

"வசு! குளிர் தாங்கல! நான் ஜாபர் கார்லயே வந்துடறேன்! சொல்றதுக்குள்ள நீ கிளம்பிட்டியே!"

கார் முந்திக்கொண்டு போயிற்று.

இடுப்பிலிருந்த கைகள் அப்படியே இருந்தன.

வசுமதி திரும்பவில்லை. திரும்பினால் வண்டி ஆடும். ஆடினால் லாரிச் சக்கரம். கழுத்துக்குப் பின்னால் ஈரக் கம்பளியின் வாடை. ஜாக்கெட்டையும் ஸ்வெட்டரையும் தாண்டி, ஐஸ் கட்டிகளைப் போல, விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"யாரா இருந்தாலும் சரி, ஆடாம உக்காரு. விழுந்தா எனக்குத்தான் எலும்பு உடையும். உனக்கென்ன?"

வார்டன் அவென்யூவுக்கு இறங்கும் வளைவில் வண்டி சாய்ந்தது. பின்னால் இருந்த எடையும் அவளோடு சேர்ந்து, பல வருடம் பழகியதுபோல, அளவாகச் சாய்ந்தது.

அந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க ஒரு குளிர்காலமே போயிருந்தது.

டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எட்டாவது மாடி ஃபிளாட். வெளியே பனி கொட்டும். உள்ளே சாப்பாட்டு மேஜையில் தட்டுக்கு இடமில்லாமல் மோட்டார் சைக்கிள் விளம்பரங்களும் வடக்கு ஐரோப்பிய வரைபடமும் பரந்து கிடக்கும். வசுமதி ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்தாள். சம்பளமில்லாத ஆறு வார லீவை மன்றாடி வாங்கியிருந்தாள். மாண்ட்ரியலிலிருந்து கப்பலில் வண்டி ஸ்வீடன் போகும். அங்கிருந்து ஆஸ்லோ, பிறகு கடல் மலைக்குள் புகுந்து கிடக்கும் அந்தச் சந்துகள், டிரொம்ஸோ, கடைசியில் ஐரோப்பாவின் வட முனையான நோர்த் கேப். ஜூன் முடிவில் அங்கே சூரியன் மறையவே மறையாது.

"ஜப்பான் வண்டி அழகு. ஆனா செயின்," என்பான் ஜாபர். நாகூர்க்காரன். கல்யாணசுந்தரத்தின் ஆபீஸில் எஞ்சினியர். "நார்வேல நாள் முழுக்க மழை. நீங்க ஊர் பாப்பீங்களா, செயினுக்கு எண்ணெய் போடுவீங்களா? இங்கிலீஷ் வண்டி சத்தம் சங்கீதம். சங்கீதத்த வச்சு மலையேற முடியாது. பி.எம்.டபிள்யூ அறுநூறு சிசி பாருங்க. செயினே கிடையாது, உள்ளுக்குள்ள தண்டுதான் சக்கரத்தைச் சுத்தும். வேகம் கம்மி. ஆனா போய்க்கிட்டே இருக்கும். மாடு மாதிரி."

"எனக்கு மாடுதான் வேணும்."

"நான் ஓட்டறேன், நீ பின்னாடி உக்காந்துக்கோ," என்பான் கல்யாணசுந்தரம்.

"லைசன்ஸ் டெஸ்ட்ல கூம்பு மேல விழுந்தது யாரு?"

"பொம்பளை ஓட்டி, ஆம்பளை பின்னால உக்காந்தா, பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"நார்வேல நம்மளப் பாக்கறதுக்கு யாரு இருக்கா? ஆடுதான்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதில் அவளுக்கு விளையாட்டு இல்லை. திருச்சியில் அப்பா சொன்ன கல்லூரி. கல்யாணத்தில் அம்மா சொன்ன புடவை. கனடாவுக்கு அவன் வந்ததால் வந்தாள். ஆறு வாரம். கைப்பிடி தன் கையில். அவள் கேட்டது அவ்வளவுதான். அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அஜக்ஸில் விற்பனைக்கு வந்த வண்டி, சொல்லி வைத்தாற்போல அமைந்தது. விற்றவர் ஆஸ்கர் என்ற நார்வேக்காரக் கிழவர். ஆறடிக்கு மேல் உயரம்; தண்ணீர் மாதிரி வெளிறிய கண்கள்.

"நாங்க ரெண்டு பேரும் இதுல சுத்தாத இடமில்லை," என்றார் ஆங்கிலத்தில். "டிரொம்ஸோதான் என் மனைவி சிக்ரிட் பிறந்த ஊர். இந்தக் கோடையில இதுலயே போறதா இருந்தோம். போன அக்டோபர்ல படகு கவிழ்ந்துது. ஏரி அவளைத் திருப்பித் தரலை."

வசுமதி ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அவளுடைய ஐந்தடி உயரத்துக்கு எந்த வண்டியிலும் எட்டாத தரை, இதில் இரண்டு பாதத்துக்கும் எட்டியது. சீட்டு மெத்தையை யாரோ இழைத்து இறக்கியிருந்தார்கள்.

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!" என்றான் ஜாபர்.

அன்று அஜக்ஸிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது, கட்டடத்தின் நிலவறைப் பார்க்கிங்கில் அவர்களுக்காகக் காத்திருந்தாள் சாந்தா. மூன்றாம் மாடிக்காரி. டொராண்டோவில் கோயில் இல்லாத குறையைத் தான் ஒருத்தியாகவே தீர்த்து வைப்பவள். கையில் எவர்சில்வர் தட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவந்த நீர்.

புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அவசரத்தில் பழம் வாங்க மறந்துபோயிருந்தது. சாந்தா அதற்குப் பதிலாக ஆரத்தி எடுத்தாள்.

தட்டு மூன்று சுற்று சுற்றியது. வண்டியின் முன்விளக்கில் ஒரு பொட்டு, டாங்கில் ஒரு பொட்டு. பின் சீட்டைப் பார்த்ததும் அவளுக்குக் குறும்பு வந்துவிட்டது. அங்கேயும் ஒரு பொட்டு வைத்தாள்.

"சீட்டு காலியா இருக்கே! வாம்மா மகாலட்சுமி, வலது காலை எடுத்து வச்சு உள்ள வா!"

ஜாபரும் கல்யாணசுந்தரமும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வசுமதி சிரிக்கவில்லை. அழையாமல் வந்ததை வாசலோடு துரத்தலாம். ஆரத்தி எடுத்து அழைத்ததை?

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தாள். காய்ந்த சிமெண்டுத் தரையில், வண்டிக்குப் பக்கத்தில், ஒரு ஈரச் சுவடு.

வலது பாதம்.

மட்டும்.

அடுத்த நாள் அது லிஃப்ட் வாசலில் இருந்தது. அதற்கடுத்து எட்டாம் மாடி நடைபாதைக் கம்பளத்தில். வார முடிவில் அவர்கள் வீட்டு நிலைப்படியில், உள்ளே பார்த்தபடி. கல்யாணசுந்தரம் அதைத் துடைத்தான். துணியை மோந்து பார்த்தான். ஏரிப் பாசி வாடை.

"வித்துடலாம் வசு."

"நான் விளையாட்டுக்குத்தான்டி சொன்னேன்!" என்று கண்ணைக் கசக்கினாள் சாந்தா. "பாதி விலைக்காவது தள்ளிவிடு."

"ஒரு ஈரக் காலுக்காக வண்டியை விக்கணுமா? நாளைக்கு ரெண்டு கால் வந்தா வீட்டை விக்கணுமா?" என்று கணவன் பக்கம் திரும்பினாள் வசுமதி. "மொதல்ல நீங்க சொன்னீங்க, பின்னாடி உக்காருன்னு. இப்ப இதுவும் சேர்ந்துக்கிச்சா? நான் போறது போறதுதான்!"

தினமும் ஓட்டினாள். தினமும் அந்தக் கைகள் வந்தன. இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறின. விலாவிலிருந்து முழங்கைக்கு. ஒரு மாலை கிங்ஸ்டன் ரோட்டில் மழை. சிவப்பு விளக்கு எதிரே. அவள் வேகத்தைக் குறைக்கப் பார்த்தாள். வலது மணிக்கட்டின் மேல் குளிர்ந்த விரல்கள் வந்து படிந்தன.

கைப்பிடி முறுகியது.

அவள் முறுக்கவில்லை.

வண்டி சீறியது. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தாள். பின் சக்கரம் வழுக்கி, நடுச் சந்திப்பில் குறுக்கே நின்றது. ஒரு பஸ் டிரைவர் ஜன்னலைத் திறந்து அவள் வம்சத்தையே திட்டினார்.

 அவளுக்குப் பயம் பாதி, மீதி ஆத்திரம்.

நிலவறைக்கு வந்தாள். எஞ்சினை அணைத்தாள். குழல் விளக்கு ஒன்று கண்ணைச் சிமிட்டியது. எங்கோ தண்ணீர் சொட்டியது. வண்டிக்கு எதிரே, இடுப்பில் கை வைத்து நின்றாள். எந்த மொழியில் பேசுவது? ஆங்கிலத்தில் மரியாதை வந்துவிடும். தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"இங்க பாரு, சிக்ரிட். உன் ஊருக்குப் போகணும், அதானே? நானும் அங்கதான் போறேன். கூட வா. வேண்டாங்கல. ஆரத்தி எடுத்துக் கூப்பிட்டாச்சு, வந்தவளை வெளிய தள்ளற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

சொட்டும் சத்தம் நின்றது.

"ஆனா இந்தக் கைப்பிடி என்னுது. இதுக்காக நான் எத்தனை பேரோட மல்லுக்கட்டினேன்னு உனக்குத் தெரியாது. புருஷனுக்கே விட்டுக்கொடுக்கல, செத்தவளுக்கா கொடுப்பேன்? பின்னாடி உக்காந்து வரதுன்னா வா. இன்னொரு தடவை என் கை மேல கை வச்சே, கப்பல்லேர்ந்து வண்டியோட உன்னையும் கடல்ல தள்ளிட்டு, நான் ரயில்ல போவேன்!"



பின் சீட்டின் ஸ்பிரிங்குகள் மெல்ல, மெல்ல, கீழே அமுங்கின.

யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி.

"ம். அந்த பயம் இருக்கட்டும்," என்றாள் வசுமதி. லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சுவடுகள் வரவில்லை. கைகள் வந்தன, ஆனால் தோளில், இரண்டு பறவைகள் உட்கார்ந்ததுபோல, அவ்வளவு லேசாக.

ஜூன் மாதம். கிளம்பும் நாள் காலை.

"நானும் வரலாம்னுதான் பாத்தேன்," என்றான் கல்யாணசுந்தரம், சாமான் பைகளை இறுக்கிக் கட்டியபடி. "சீட்டுலதான் ஏற்கெனவே ஆள் இருக்கே." சிரிக்க முயன்றான், முடியவில்லை. "வசு... பத்திரமா ஓட்டு. நீதான் ஓட்டணும்."

அந்தக் கடைசி வார்த்தைக்காக அவனை அங்கேயே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

மாண்ட்ரியல் போகும் வழியில்தான் அஜக்ஸ். பளீரென்ற வெயில். கிழவரிடம் சொல்லிக்கொண்டு போவதுதானே முறை? அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. ஆஸ்கர் புல்வெட்டும் இயந்திரத்தை விட்டுவிட்டு வந்தார்.

"வண்டி எப்படி?"

"உங்க மனைவியும் என்கூட வர்றாங்க," என்றாள் வசுமதி.

அவர் சிரிக்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வெளிறிய கண்கள் பின் சீட்டில் எதையோ தேடின.

"பயப்படாதீங்க. மொதல்ல கொஞ்சம் தகராறு. இப்ப ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்துட்டோம்." அவள் குரலில் ஜெயித்தவளின் மிடுக்கு இருந்தது. "நான் ஓட்டுவேன். உங்களுக்குப் பின்னால எப்படி உக்காந்து வந்தாங்களோ, அப்படியே எனக்குப் பின்னாலயும் உக்காந்து வருவாங்க."

தோளிலிருந்த எடை நீங்கியது.

ஈரக் கம்பளியின் வாடை குப்பென்று அடித்தது. முழங்கை வழியாக, மணிக்கட்டு வழியாக, இரண்டு கைகள் நிதானமாக இறங்கி வந்தன. கையுறைகளின் மேல், விரலுக்கு விரல் பொருந்தி, பழகிய உரிமையோடு அமர்ந்தன. கிளட்ச் தானே உள்ளே போயிற்று. எஞ்சின் உறுமியது.

வசுமதி பல்லைக் கடித்தாள். விடவில்லை. கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஆஸ்கர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"எனக்குப் பின்னாலயா? எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாதும்மா. எல்லாக் கோடையிலயும் ஓட்டினது அவதான். பின் சீட்டுல உக்காந்து வந்தது நான்."