சந்தேகம் வந்தால் சத்தம் வரும்

'பீப்... பீப்... பீப்!'

வாசிப்பறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போல அவள் லேப்டாப்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்துப் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோசனம்? கத்த வேண்டியதைக் கத்திவிட்டு அது சாதுவாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் எதிர் நாற்காலிக்காரனைக் கவனித்தாள். அவன் வலது கையைத் தூக்கியிருந்தான். நேராக... உயரமாக...

எதற்கு? புகார் சொல்லவா? 'சொல்லு, நல்லா சொல்லு. இது ஒண்ணுதான் பாக்கி' என்று மனசுக்குள் பல்லைக் கடித்தாள்.

நூலகர் அம்மா வந்தார். அவர் நடந்து வந்தால் அலமாரிப் புத்தகங்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

"எத்தனை தடவைம்மா சொல்றது?"

"சாரி மேடம்... சத்தத்தைச் சுத்தமா குறைச்சுத்தான் வச்சிருக்கேன். அப்பவும் கத்துது."

"இன்னொரு தடவை கத்துச்சுன்னா, நீங்க வேற இடம் பார்த்துக்கோங்க. படிக்க வர்றவங்க படிக்க வேணாமா? பாருங்க, இவரே பொறுக்க முடியாம கையைத் தூக்கிட்டாரு."

அவன் தலையை நிமிர்த்தி, அது தன் கைதானா என்று பார்த்தான். பிறகு மெல்ல இறக்கினான்.

வேறு இடம்! எங்கே பார்ப்பது? அவள் ஒரு பதிப்பகத்துக்குப் புத்தகங்களில் பிழை திருத்துகிறவள். இருப்பது அண்ணன் வீட்டில். அங்கே உள்ள ஒரே மேஜையில் அண்ணியின் தையல் மெஷின் குடியிருக்கிறது. மேஜைக்கு அடியில் அண்ணனின் இரட்டைப் பெண்கள் குடியிருக்கிறார்கள். வாய் ஓயாத இரண்டு வாண்டுகள். அவளுக்கென்று இருப்பது இந்த ஜன்னலோர நாற்காலி ஒன்றுதான். இது போனால் வேலையும் போன மாதிரிதான்...

கண்ணில் நீர் முட்டியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்தாள். படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல்... அதன்மேல் மழை விரல் விட்டுக் கோடு கிழித்துக்கொண்டிருந்தது.

"ஏங்க... ஒரு நிமிஷம்..."

அவனேதான்!

"அதான் புகார் கொடுத்தாச்சே. இன்னும் என்ன?"

"ஐயோ, புகார் இல்லைங்க. அது தொழில் பழக்கம்."

"கையைத் தூக்கறது ஒரு தொழிலா?"

"ஆஸ்பத்திரியில காது பரிசோதனை பண்றவன் நான். 'பீப்னு கேட்டா கையைத் தூக்குங்க'ன்னு காலையிலேர்ந்து சொல்லிச் சொல்லி, செஞ்சு காட்டிக் காட்டி... இப்ப எங்க பீப் கேட்டாலும் கை தானா போயிடுது. அன்னைக்கு லிஃப்ட்ல தூக்கி, பக்கத்துல நின்னவர் மூக்குக் கண்ணாடியைத் தட்டி விட்டுட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள்... சிரித்துவிட்டாள்.

"நாள் முழுக்க பீப். அதுலேர்ந்து தப்பிக்கலாம்னுதான் இங்க வர்றேன். இங்கயும் பீப்!"

"என் லேப்டாப்புக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சோ என்னமோ..." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவசரமாக மழையைப் பார்த்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். சிலர் கண்ணால் பேசுவார்கள். இவன் கண்ணால் கேட்டான். யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்கிற மாதிரி... அமைதியான, பழுப்பு நிறக் கண்கள். அவளுக்குச் சட்டென்று தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் இவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயம் வந்தது.

"பார்க்கலாமா? எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சத்தம் தெரியும்."

இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

சார்ஜர் முனை ஆட்டம் கண்டிருக்குமோ? அதைக் கழற்றியே வைத்தார்கள். போன் பக்கத்தில் இருப்பதாலோ? இரண்டு போன்களையும் அணைத்தார்கள். சூடாகி விட்டதோ? அவன் புறங்கையை வைத்துப் பார்த்து, "ஜுரம் இல்ல" என்றான்.

"ரிப்பேர் கடையில கொடுத்தேன். மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அங்க வாயே திறக்கல. கடைக்காரர் லேப்டாப்பை விட்டுட்டு என்னைப் பரிசோதிக்க ஆரம்பிச்சுட்டாரு."

"கத்தினப்புறம் வேற ஏதாவது ஆகுமா?"

"ஆகும். எழுத்தே விழாது. ஒவ்வொண்ணையும் அழுத்திப் பிடிச்சுட்டே இருந்தாதான் வரும். கொஞ்ச நேரத்துல மறுபடி கத்தும்... சரியாயிடும்."

அவன் புருவம் உயர்ந்தது. "மறுபடி கத்தினா சரியாயிடுதா! அப்ப அது அழல. ஏதோ சொல்லுது. நீங்க எப்பவும் போல அடிங்க. நான் கேக்கறேன்."

கண்ணை மூடிக்கொண்டான். அவள் அடித்தாள். விரல்கள் ஓடின... ஓடின... நின்றன.

'பீப்... பீப்... பீப்!'

மூடிய கண்களோடு அவன் கை உயர்ந்தது. இந்த முறை அவள் உதட்டைக் கடிக்கவில்லை. படிக்கட்டு எதிரொலிக்கச் சிரித்தாள்.

"கடைசிச் சத்தம் கீழேர்ந்து மேல ஏறிச்சு. கவனிச்சீங்களா? இன்னொரு தடவை..."

இன்னொரு தடவை கத்தியது.

"இப்ப மேலேர்ந்து கீழ இறங்கிச்சு! ஏறினா எதுவோ திறக்குது, இறங்கினா மூடுது. திறக்கறதும் மூடறதும் நீங்கதான்."

"நானா?"

"அடிச்சுட்டே இருந்தா சத்தமில்ல. நிறுத்தினாதான் வருது. நிறுத்தினப்ப உங்க விரல் எங்க இருந்துச்சு?"

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது சுண்டுவிரல் இன்னும் ஷிஃப்டின் மேல்தான் இருந்தது. வலது பக்கத்து ஷிஃப்ட்...

அவன் அணைத்த போனை மறுபடி போட்டுத் தேடினான். கிடைத்துவிட்டது. அந்த ஷிஃப்டைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், கை நடுக்கம் உள்ளவர்களுக்கான ஒரு வசதி திறந்துகொள்ளுமாம். தெரியாமல் பட்ட எழுத்துகளை அது ஏற்காது. அழுத்திப் பிடித்தால்தான் ஏற்கும். வழக்கமாகத் திரையில் ஓர் அறிவிப்பும் வருமாம். இந்த லேப்டாப் முன்பு அண்ணனுடையது. தொல்லை என்று அண்ணன் அறிவிப்பை மட்டும் நிறுத்திவிட்டு, சத்தத்தைத் தங்கைக்குச் சீதனமாக விட்டிருக்கிறார்!

"ஆனா ஷிஃப்டை எதுக்கு இப்படிப் பிடிச்சுட்டு நிக்கறீங்க?"

அவன் திரையைப் பார்த்தான். 'பூவின் ம' என்பதோடு வரி நின்றிருந்தது. அவளுடைய விசைப்பலகையில் ஷிஃப்டை அழுத்தி அடித்தால் 'ண', 'ள', 'ற'. அழுத்தாமல் அடித்தால் 'ன', 'ல', 'ர'.

"அட! மனமா, மணமா? சந்தேகம் வர்றப்ப எல்லாம் கத்துது!" கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவன் உரக்கச் சிரித்தான். "பிழை திருத்தறவங்களுக்கே எழுத்துல சந்தேகமா?"

அவள் முகம் சிவந்தது. பதிப்பகத்தில் அவளுக்கு 'அகராதி' என்றே பெயர். சந்தேகம் என்று ஒருவரிடமும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. யாருக்கும் தெரியாமல் மனசுக்குள் தயங்கித் தயங்கிக் கடந்த இடத்தையெல்லாம் இந்தப் பாழாய்ப்போன பெட்டி ஊரறிய அறிவித்திருக்கிறது. அதைக் கேட்டு இவன் கையும் தூக்கியிருக்கிறான்...

"நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க காதை உங்க ஆஸ்பத்திரியோட வச்சுக்குங்க."

லேப்டாப்பைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வசதியை நிறுத்தினாள். இனி எவ்வளவு நேரம் பிடித்தாலும் வாய் திறக்காது.

"ஒழிஞ்சது அண்ணி. இல்லைன்னா அந்த மேடம் என்னை வேற இடம் பார்க்கச் சொல்லிட்டாங்க."

அண்ணி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நாங்களும் அதைத்தானே சொல்றோம்? உனக்கு ஒரு நல்ல இடமா பார்க்கணும்னு. ஆமா, சத்தம் நின்னுடுச்சு, சரி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"யாரோ ஒருத்தர் கண்டுபிடிச்சுக் கொடுத்தாரு. நக்கலா சிரிச்சாரு. திட்டிட்டு வந்துட்டேன்."

"யாரோ ஒருத்தரா!" தையல் மெஷின் நின்றுவிட்டது. "ஊர்ப்பட்ட சந்திப்பிழையைத் திருத்தறவ... உன் சந்திப்புலேயே பிழை பண்ணிட்டு வந்திருக்கியே. அகராதி பிடிச்சவ!"

மறுநாள் அவன் எதிர் நாற்காலியில் இல்லை. அறையின் அடுத்த கோடியில், பறவைகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். அவள் வந்ததைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

போகட்டும். அவளுக்கென்ன? வேகவேகமாக அடித்தாள். எங்கேயும் நிற்கவில்லை. சந்தேகமா... எனக்கா? வந்தால் தள்ளிவிட்டு ஓடினாள். அந்த வாரம் முழுக்க லேப்டாப் மூச்சு விடவில்லை. வாசிப்பறையில் அப்படி ஒரு அமைதி. நூலகர் அம்மாகூட அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அந்த அமைதி ஏன் இப்படிக் கனக்கிறது?

பதிப்பாசிரியர் போன் செய்தபோது அவள் படிக்கட்டில் போய் எடுத்தாள்.

"அகராதி! 'அவள் கன்னத்தில் பணித்துளி'ன்னு விட்டிருக்கீங்க. பணித்துளியா? எந்த ஆபீஸ்லேர்ந்து சொட்டிச்சு?"

அவளுக்கு வெட்கத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஏதோ ஒன்று உள்ளே உடைந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிழை அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. தயங்கியதால் வந்த பிழை அல்ல, தயங்க மறந்ததால் வந்தது. நின்று, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு யோசித்தாளே... அதுதான் அவள் தொழில். அதைத்தான் அவன் கேட்டிருக்கிறான். ஊரில் யார் காதிலும் விழாத அவளுடைய தயக்கம் ஒருவன் காதில் விழுந்தது. அவனைப் போய்த் திட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

திரும்பி உள்ளே வந்தபோது அவனுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். விரிந்த பக்கத்தில் ஒரு மீன்கொத்தி. முந்தாநாளும் அதே மீன்கொத்திதான். போன வாரம் அவன் எதிரே உட்கார்ந்திருந்தபோதும் அதே மீன்கொத்திதான்! பக்கத்தைப் பார்ப்பது அவள் பிழைப்பு. அதில் தப்பு வராது.

போய்ப் பேசலாம். ஆனால் என்னவென்று ஆரம்பிப்பது?

நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை வலுத்திருந்தது. நிறுத்தி வைத்ததைத் தேடி, ஷிஃப்டைப் பிடித்தால் பழையபடி கத்தும்படி மாற்றினாள். இன்னொரு தடவை கத்தினால் இந்த மேஜை இல்லை, இந்த ஜன்னல் இல்லை, வேலைக்கு ஓர் இடம் இல்லை. தெரியும்... நன்றாகத் தெரியும்.

'உங்க' என்று அடித்தாள். சுண்டுவிரலை ஷிஃப்டின் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

'பீப்... பீப்... பீப்!'

அறை முழுவதும் திரும்பியது. நூலகர் அம்மாவின் நாற்காலி கிறீச்சிட்டது. அடுத்த கோடியில், குனிந்த தலை நிமிராமலே, ஒரு கை மெல்ல மெல்ல உயர்ந்தது.

பிறகு அவன் எழுந்தான். மேஜைகளைச் சுற்றி வந்து, எதிர் நாற்காலியில் உட்காராமல் அவள் பக்கத்தில் குனிந்தான்.

"எந்த எழுத்து?" என்றான் கிசுகிசுப்பாக.

"ள..."

"எந்த வார்த்தை?"

"உங்களை."

"இதுல என்னங்க சந்தேகம்? ஷிஃப்ட் போட்ட 'ள'தானே?"

"எழுத்துல சந்தேகம் இல்ல." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அதுலயும் சந்தேகம் இல்ல. உங்களுக்கு என்னை... அதுலதான்."

அந்தக் கேட்கிற கண்கள் அவள் முகத்திலேயே இருந்தன.

"நீங்க டைப் அடிக்கற சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் தினமும் உட்கார்ந்திருந்தேன். எங்கேயாவது நிறுத்துவீங்களான்னு... நீங்க நிறுத்தவே இல்ல. அன்னைக்கு நான் சொல்ல வந்தது இதுதாங்க. இவ்வளவு யோசிச்சு ஒரு எழுத்தைப் போடற பொண்ணு, ஒரு மனுஷனை எவ்வளவு பத்திரமா வச்சுக்குவான்னு..."

"அதுக்கா அப்படிச் சிரிச்சீங்க?"

"தப்புதான். முதல்ல சிரிச்சுத் தொலைச்சுட்டேன்."

அவள் சுண்டுவிரல் இன்னும் ஷிஃப்டின் மேலேயே இருந்தது. அவன் தன் விரலை நீட்டி அடுத்த எழுத்தைத் தொட்டான். அந்த வசதி திறந்திருக்கிறதே... எழுத்து உடனே விழாது. அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தான். 'ள்' வந்து விழுந்தது.

"என்னம்மா இது?" நூலகர் அம்மா தலைக்கு மேல் நின்றிருந்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், ஒரே விசைப்பலகையில் இருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். "இன்னொரு தடவை கத்துச்சுன்னா வேற இடம் பார்த்துக்கோங்கன்னு சொன்னேனா, இல்லையா?"

அவள் எழுந்து நின்றாள். காது மடல் வரை சிவந்திருந்தது. லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பார்த்துட்டேன் மேடம்" என்றாள்.