என்னது

நாத்தனார் ஊரிலிருந்து வந்தாலே எனக்கு வயிறு எரியும். அவளுடைய மகன் எட்டு வயதில் பாலம் கட்டுகிறான், படம் வரைகிறான், பெரியவர்கள் பேசினால் குறுக்கே புகுந்து திருத்துகிறான். நான் அவனுக்கு வைத்த பெயர் மேதை. அதையும் அவள் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டாள். என் மகள் குட்டி அவனைவிட ஒரு வயது சின்னவள். அவள் பாட்டுக்கு ஒரு மூலையில் இருப்பாள், யார் கண்ணிலும் பட மாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நால்வரும் பிள்ளைகளுக்கான அருங்காட்சியகத்துக்குப் போனோம். பழைய கிடங்கு ஒன்றைப் புதுப்பித்து, ஓர் அறையில் களிமண், இன்னொன்றில் மரக்கட்டை என்று நிரப்பியிருந்தார்கள். எதையும் தொடலாம், எதையும் செய்யலாம். செய்ததை அங்கேயே காட்சிக்கு வைப்பார்கள். மேதை களிமண்ணில் ஒரு யானை செய்து கூட்டத்தையே கூட்டிவிட்டான். நாத்தனார் படமாக எடுத்துத் தள்ளினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி அறை அட்டைப்பெட்டிகளுக்கானது. அதற்கு ஜன்னல் கிடையாது. உள்ளே கால் வைத்ததும் வெளியிலிருந்த கூச்சல் தணிந்துபோனது. பசை நெடியும், நனைந்து காய்ந்த அட்டையின் வாடையும் மூக்கில் ஏறின. ஆள் உயரப் பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, பிள்ளைகள் தவழ்ந்து போக ஒரு சுரங்கம் செய்திருந்தார்கள். அந்தப் பக்கம் ஒரு பிள்ளையும் போகவில்லை.

அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண் எங்களிடம் வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"ஒரே ஒரு விஷயம், மேடம். இங்க எதையும் யாரும் தன்னுதுன்னு சொல்லிக்கறதில்ல."

"ஏங்க?"

"சண்டை வருது."

பிள்ளைகளுக்குள் என்று நினைத்துக்கொண்டேன்.

குட்டி அன்று ஒரு மாடிவீடு செய்தாள். வாசற்கதவைத் திறந்தால் மாடி ஜன்னல்கள் தாமே திறந்தன. உள்ளே நூல் கோத்து ஏதோ வித்தை செய்திருந்தாள். மேதையே வாயைப் பிளந்தான். "யாரு பண்ணது இது?" என்று நாத்தனார் கேட்டாள். இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி, விடுவேனா?

"என் பொண்ணு பண்ணது, அண்ணி."

"என்னது?"

சுரங்கத்துக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குரல். ஏதோ பிள்ளைக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலும். நாத்தனாருக்கும் நன்றாக விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"இந்த வீடு. என் பொண்ணு பண்ணது."

"என்னது."

இந்த முறை கிட்டத்தில் கேட்டது. கேள்வி கேட்பது போல இல்லை.

குட்டி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வீட்டையே உற்றுப் பார்த்தாள்.

"நல்லா இருக்கும்மா. யாரு பண்ணது?"

"நீதானேடி பண்ணே."

"நான் இல்லையே."

நாத்தனார் சிரித்துவிட்டாள். "பாத்தியா, குழந்தையே ஒத்துக்கல." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குட்டியின் தோளை இறுக்கிப் பிடித்து முன்னால் நிறுத்தினேன்.

"சிரிக்காதீங்க அண்ணி. இவ என் பொண்ணு. இவளுக்கு எல்லாம் வரும்."

அறைக்காரப் பெண் ஓடி வந்தாள். "சொல்லாதீங்கன்னு சொன்னேனே" என்று கிசுகிசுத்தாள்.

யாரும் அசையவில்லை.

அட்டைமேல் முழங்கால்கள் உரசும் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"என்னது."

என் காதோரம். பசை நெடி கன்னத்தில் அடித்தது.

குட்டி என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"ஆன்ட்டி, வலிக்குது."

அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். அந்தப் பெண் வாசல்வரை கூடவே வந்தாள். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும். இனிமே மட்டும் அப்படிச் சொல்லாதீங்க" என்றாள்.

"உள்ள யாருங்க?"

"தெரியாது மேடம். நான் குனிஞ்சு பாக்கறதையே விட்டுட்டேன். யாராவது 'என்'னு ஆரம்பிச்சாப் போதும், அதுக்குப் பொறுக்காது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது எதையும் கேட்கவில்லை. தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கேள்வி என்று நினைத்து நான்தான் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பாதி வழியில் குட்டி "அம்மா, பசிக்குது" என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மறுநாள் தலை பின்னிவிடும்போது பழக்கதோஷத்தில் "என் செல்லம்" என்றுவிட்டேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தது. சாயங்காலம்வரை என் மகள் என்னை யாரோ போலப் பார்த்தாள். நான் ஊட்டிய சோற்றை வாங்க மறுத்தாள்.

அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டேன். நாத்தனார் போனில் நொடிக்கொரு தரம் "என் புள்ள, என் புள்ள" என்கிறாள். அவன் கட்டும் பாலத்தின்மேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை. அந்த இரண்டு வார்த்தையின்மேல்தான்.

நேற்று வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த குட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை எப்பவும் என் புள்ளன்னு சொல்றாங்க. நீ ஏன்மா என்னை அப்படிச் சொல்றதே இல்ல?"

நாக்கைக் கடித்துக்கொண்டு அவளை வாரி அணைத்தேன். அவள் காத்திருந்தாள். நான் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் போல முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"பரவால்ல, விடு. அவங்க தினம் சொல்றாங்க."

"யாரு, குட்டி?"

"அம்மா" என்றாள்.

என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள்.