வாசற்படியோடு நின்ற காலடி

கமலாட்சி ரோஸ் ஹில்லில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு ட்ரியோலேயில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை ஒன்பதரை. வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சேறு. கூடத்தில் ஷூ தடங்கள். இரண்டு படுக்கையறைகளிலும் அதே தடங்கள். அலமாரித் துணியெல்லாம் தரையில் கிடந்தது. அவள் எதையும் நின்று பார்க்கவில்லை. கால் கழுவக்கூட மறந்து பூஜை அறைக்கு ஓடினாள். முருகன் படத்தடியில் பித்தளைத் தட்டு இருந்தது. தட்டில் குங்குமம் இருந்தது. முந்திய நாள் அவள் வைத்த உறை இல்லை.

அது 1991 ஜனவரி. மறுநாள் தைப்பூசக் காவடி. அதற்கு அடுத்த நாள் தீவின் தலைநகரான போர்ட் லூயியில் ஆஸ்திரேலியக் குடியேற்ற நேர்காணல். கமலாட்சி ஒன்பது வருடம் பின்னலாடை ஆலையின் மாதிரி அறையில் வேலை பார்த்தவள். வெளிநாட்டுக்காரர் அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் ஸ்வெட்டரை முடித்துக் கொடுப்பவள். போன வருடம் ஆலையை மூடிவிட்டார்கள். ஹாங்காங் மேலாளர் விமானம் ஏறுவதற்கு முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேலை அனுபவச் சான்றிதழ்தான் அந்த உறையில் இருந்தது. நகல் செல்லாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மேலாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாள் இல்லாவிட்டால் அவள் தையல் மெஷினையே தொட்டதில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பத்து மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் மகாதேவன் கான்ஸ்டபிள் டானியேலுடன் வந்து சேர்ந்தார். வாசலில் கமலாட்சியின் அண்ணன் வீரசாமி மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக நின்றிருந்தான். பத்து நாளாக விரதம், படுக்கை கோவிலில். காவடியை ஏற்றிப்போக வேனோடு வந்த இடத்தில்தான் இந்தச் செய்தி.

"பதினொரு மணிக்கெல்லாம் காவடி கோவில்ல இருக்கணும் மிஸ்யே," என்று தீவு வழக்கத்தில் மகாதேவனை மரியாதையாக விளித்துச் சொன்னான். "அதுக்கு முன்னாடி அந்தக் கரோலைக் கேளுங்க. காலையில இங்க வந்திருக்கா. எதிர் வீட்டுல பார்த்தாங்க."

அதற்குள் தெருவில் யாரோ கூட்டிவந்துவிட, வராந்தா பெஞ்சில் கரோல் உட்கார்ந்திருந்தாள். ஆலையில் கமலாட்சிக்குப் பக்கத்து மெஷின்காரி. அவளும் ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போட்டவள்தான். மேலாளர் கிளம்பிய வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் சான்றிதழ் கிடைக்கவில்லை.

"எத்தனை மணிக்கு வந்தே?" மகாதேவன் கேட்டார்.

"எட்டு. கதவைத் தட்டினேன். யாரும் வரல. போயிட்டேன்."

"எதுக்கு வந்தே?"

"அவ பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னு பார்த்து, அதே மாதிரி எழுதிக் கொடுங்கன்னு பழைய சூப்பர்வைசரைக் கேட்கலாம்னு. திருடுறதுன்னா தட்டுவேனா மிஸ்யே?"

டானியேல் அவள் கான்வாஸ் ஷூவைக் கழற்றச் சொல்லி வாங்கி, கூடத்துத் தடத்தின் மேல் வைத்தான். முன்பாதி இம்மி பிசகவில்லை. குதிகால் மட்டும் தடத்தில் பதிந்திருக்கவில்லை.

"ஷெஃப், அச்சு அசல்!" என்று மேலதிகாரியைக் கூப்பிட்டான்.

"ஆலையில எல்லாருக்கும் அந்த ஷூதான் கொடுத்தாங்க," என்றாள் கமலாட்சி. "எனக்கும் அவளுக்கும் ஒரே சைஸ். அவசரத்துல மாத்திப் போட்டுக்கிட்டுக்கூடப் போயிருக்கோம்."

"உன்னுது எங்கே?"

"பின்கட்டுல. போட்டு ஒரு வருஷமாச்சு."

வீரசாமியின் மனைவி பார்வதி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவளும் விரதம். அள்ளி முடியாத கூந்தலிலிருந்து நீர் சொட்டி ரவிக்கை முதுகு நனைந்திருந்தது. விடிகாலை நாலு மணிக்குக் குளித்து விளக்கேற்றியதாகச் சொன்னாள். ஏழு மணிக்குக் கமலாட்சியின் மகள் பாரதியைக் கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பூத்தொடுக்கும் பெண்களிடம் விட்டாளாம். ஒன்பதேகாலுக்குத் திரும்பி இந்த அலங்கோலத்தைப் பார்த்தாளாம். பின்கதவுத் தாழ் எப்போதுமே சரியாக விழாதாம்.

மகாதேவன் சமையலறையை எட்டிப் பார்த்தார். விரதத்துக்கென்று தனியாக எடுத்த பாத்திரங்கள் விளக்கிய பளபளப்போடு வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அங்கே சேறு இல்லை. எதுவும் கலையவில்லை.

டானியேல் பூஜை அறைப் பக்கம் நடந்தான்.

"அயோ! ஷூ! ஷூ!" பார்வதி வீறிட்டாள்.

டானியேல் ஒற்றைக் காலில் நின்றுவிட்டான். "மன்னிச்சுக்குங்க மதாம். எங்க சர்ச்சுல ஷூவோடதான் போவோம். பழக்கதோஷம்."

"நீ வெளியிலேயே இரு," என்றார் மகாதேவன். அவருக்கு இந்த வருடம் விரதம் இல்லை. ஆனால் பூஜை அறைக்குள் பூட்ஸோடு நுழையக் கால் வராது. வாசற்படியில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தார். இடது பூட்ஸைக் கழற்றிய கை அப்படியே நின்றது. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், படிக்கு இந்தப் புறம், கடைசிச் சேற்றுத் தடம் இருந்தது. அந்தப் புறம் தரை துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

மற்றதையும் கழற்றிவிட்டு அவர் உள்ளே போனார். விளக்கில் திரி நிமிர்ந்து எரிந்தது. எண்ணெய் விளிம்புவரை இருந்தது. மூலையில் காவடி. வளைவின் மேல் ரோஜா நிறத் துணி, மயிற்பீலி, எலுமிச்சம்பழங்கள். துணியின் ஓரத்தில் நூல் கோத்த ஊசி ஒன்று தொங்கியது.

"காவடி இன்னும் முடியலியா?" என்று கேட்டார்.

"நேத்தே பார்வதி தைச்சு முடிச்சுட்டா," என்றான் வீரசாமி. "ராத்திரி நானே வந்து தூக்கிப் பார்த்தேன். தங்கச்சிக்கு விசா கிடைக்கணும்னு வேண்டிக்கிட்ட காவடி. வேனை எவ்வளவு நேரம் நிறுத்தறது மிஸ்யே?"

மகாதேவன் பின்கட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினார். கமலாட்சியின் பழைய ஷூக்களை வாழையிலையில் வைத்து ஏந்திவந்து கூடத்தின் நடுவில் வைத்தார். மேலே ஒரு வருடத்துத் தூசி. அடியில் ஈரச் சேறு.

"வேன் போகலாம். காவடி போகக்கூடாது," என்றார்.

வீரசாமி கொதித்தான். "காவடியைத் தடுக்கிறீங்களா? நீங்களும் தமிழன்தானே?"

"அதனாலதான் தடுக்கிறேன். வந்த திருடன் கூடத்தை மிதிச்சான், படுக்கையறையை மிதிச்சான். அவனுக்கு வேண்டிய பொருள் இருந்த அறையில மட்டும் ஒரு தடம்கூட இல்லை. எந்தத் திருடன் ஷூவைக் கழற்றிட்டு சாமி கும்பிடப் போவான்? விரதப் பாத்திரத்துலயும் கை வைக்கல. வீட்டைக் கலைச்சவங்களுக்கு எதைக் கலைக்கக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு. டானியேலுக்குத் தெரியாது. கரோலுக்கும் தெரியாது."

அவர் பார்வதி பக்கம் திரும்பினார்.

"ஷூவைக் கால்ல போட உங்களுக்கு மனசு வரல. கையில மாட்டித் தரையில அழுத்தினீங்க. அதான் குதிகால் எங்கேயும் பதியல. ஷூவைத் தொட்ட கையோட சாமி அறைக்குள்ள போக முடியாதே? திரும்பக் குளிச்சீங்க. நாலு மணிக்குக் குளிச்ச தலை பத்து மணிக்குச் சொட்டாதும்மா. குளிச்சுட்டு உறையை எடுத்தீங்க. சாமி காலடியில இருந்த பேப்பரை அழுக்கு இடத்துல வைக்க மாட்டீங்க. நேத்தே முடிஞ்ச தையல்ல இன்னிக்கு ஏன் ஊசி தொங்குது?"

வீரசாமி காவடியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான்.

"நான்... அதைத் தோள்ல சுமந்துட்டுப் போயிருப்பேனா?"

"போயிருப்பீங்க. கோவில்ல காவடியைப் பிரிச்சதும் துணியோட துணியா அதுவும் ஆத்துல போயிருக்கும்."

மகாதேவன் பூஜை அறைக்குள் போய்க் காவடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றாள் பார்வதி. "அந்த ஷூவைத் தூக்கின கை. நானே பிரிக்கிறேன்."

தரையில் உட்கார்ந்து ஊசி நுனியால் ஒவ்வொரு தையலாக நெம்பினாள். உறை வெளியே வந்தது. மூலையில் குங்குமம் ஒட்டியிருந்தது. கமலாட்சி தாளை விரித்து மேலாளரின் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"ஏன் அண்ணி?"

"பாரதியையும் கூட்டிட்டுத்தானே போவே?" பார்வதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "புருஷன் போன கையோட குழந்தையை என் மடியில போட்டுட்டு ஓவர்டைம் பார்க்கப் போனே. எட்டு வருஷம். அவளுக்குத் தலை வாரினது நான், அம்மை போட்டப்ப ராத்திரி பூரா முழிச்சது நான். அந்த வேலைக்கு எனக்கு யாரு சர்டிபிகேட் தருவாங்க, கமலா?"

கமலாட்சி தாளை மடித்து உறைக்குள் வைத்தாள்.

"அடுப்புல போட்டிருக்கலாமே," என்றாள்.

"சாமி காலடியில இருந்ததைப் போய் எரிக்கறதா?" பார்வதி உண்மையிலேயே திடுக்கிட்டுப்போய்க் கேட்டாள்.

மகாதேவன் தொப்பியை எடுத்தார். "புகார் எழுதணுமா?"

"வேண்டாம் மிஸ்யே."

"உனக்கு வேண்டாம்," என்று வராந்தாவிலிருந்து கரோலின் குரல் வந்தது. "எனக்கு? தெருவே பார்க்க என் காலை அளந்தீங்க. ஒன்பது வருஷம் பக்கத்து மெஷின்ல இருந்தேன். நீகூட, கரோல் எடுத்திருக்க மாட்டாள்னு ஒரு வார்த்தை சொல்லல."

கமலாட்சி தலை குனிந்தாள். வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான்.

பார்வதி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். டானியேலின் கையில் இன்னும் இருந்த ஷூவை இரண்டு கையாலும் வாங்கினாள். குனிந்து கரோலின் வெறுங்காலுக்கு முன்னால் வைத்தாள்.

வீரசாமி பதறினான். "விரதம்டி!"

"தெரியும்," என்றாள் பார்வதி. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அன்று மூன்றாவது தடவையாகக் குளிக்கப் போனாள்.