கண்ணில் வார்த்த பால்

வெள்ளாற்றின் வடகரையில் நிற்கும் மணற்குன்றக் கோட்டையின் மதில்மேல் நிலவு ஏறிக்கொண்டிருந்த அந்த அந்தி நேரத்தை அன்பான வாசகர்கள் அவசியம் பார்த்திருக்க வேண்டும். மேற்கே சிவப்பு இன்னும் முழுதாக வடியவில்லை. அதற்குள் கிழக்கே நிலா அவசரப்பட்டு வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஆற்றுநீர் பாதி செம்பாகவும் பாதி வெள்ளியாகவும் ஓட, அக்கரை நாணற்புதர்களில் அடையப் போன நாரைகள் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இவ்வளவு அழகும் கொட்டிக் கிடக்கையில் நம் கதாநாயகர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறீர்களா? சாளரமெல்லாம் கம்பளம் தொங்கிய ஓர் இருட்டறையில், வலக்கண்ணில் கட்டுடன் மல்லாந்து கிடந்தார். இடக்கண்ணோ பார்வை போய்ப் பல காலமாயிற்று.

யானைப்படை நடத்திப் புகழ்பெற்ற அரவணையான் விழுப்பரையர்தாம் அவர். சில ஆண்டுகளுக்கு முன் இதே ஆற்றங்கரையில் நடந்த புதுப்புனல் விழாவில், வாட்போட்டியில் மூண்ட வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றி, அவருடைய ஒரே மகன் காடவன் வெட்டுண்டு விழுந்தான். வெட்டியவன் ஆற்றில் குதித்து மறைந்தான். கூட்டம் சிதறி ஓடிய அந்தக் கலவரத்தில், தீவட்டி வெளிச்சத்தில் அவன் முகத்தை அருகில் பார்த்தவர் தந்தை ஒருவரே. மகனை எரித்துவிட்டு வந்தவர் அழவில்லை, அரற்றவில்லை. சோறு போட்டால் உண்டார், போடாவிட்டால் கேட்கவில்லை. அப்புறம் கண்களில் படலம் விழுந்தது. அதற்கும் அவர் வருத்தப்பட்டதாக யாருக்கும் தெரியவில்லை.

இப்போது கணவதி சாத்தன் என்றொருவனைச் சந்தேகத்தின் பேரில் பிடித்துக் கோட்டைச் சிறையில் வைத்திருந்தார்கள். அடையாளம் சொல்லக் கண் வேண்டுமே! நாட்டுச் சபையார் கண் மருத்துவர் சீராளரை வரவழைத்தார்கள். அவரும் சலாகை என்னும் மெல்லிய ஊசியால் வலக்கண்ணின் படலத்தை ஒதுக்கிக் கட்டுப் போட்டுவிட்டார். கண் பிழைக்காவிட்டால் சாட்சியில்லை, கைதி வீட்டுக்குப் போவான். கண் பிழைத்து, "இவன்தான்" என்று விழுப்பரையர் சொல்லிவிட்டால், அந்த நாட்டு வழக்கப்படி, மகனை இழந்தவரிடமே சபை ஒன்றைக் கேட்கும்: "வாளா, விளக்கா?" வாள் என்றால் கைதியின் தலை போகும். விளக்கு என்றால், இறந்தவன் பெயரால் கோயிலில் அணையா விளக்கேற்றி, கைதி தன் ஆயுள் முழுவதும் அதற்கு நெய் சுமக்க வேண்டும்.

"நாளைக் காலையில் கட்டவிழ்ப்பு! அதுவரை தும்மக் கூடாது, இருமக் கூடாது, குனியக் கூடாது" என்று அடுக்கினார் சீராளர். "எல்லாவற்றையும்விட முக்கியம், அழக் கூடாது. நான் பட்ட பாடெல்லாம் ஒரு சொட்டுக் கண்ணீரில் பாழாய்ப் போய்விடும்."

"அந்த ஒரு பயம் உமக்கு வேண்டாம், வைத்தியரே."

"சபையார் கேட்டனுப்பினார்கள். வாளா விளக்கா என்று தாங்கள் யோசித்து வைத்திருக்கிறீர்களா?"

"யோசிக்க என்ன இருக்கிறது? முதலில் எந்தச் சொல் வாயில் வருகிறதோ, அதைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறேன்."

அறை மூலையில் ஒரு வளையல் குலுங்கியது. பால் வார்க்கும் பெண் வந்திருந்தாள்.

சலாகை பட்ட கண்ணில் அந்திதோறும் தாய்ப்பால் வார்ப்பது அக்கால மருத்துவம். சீராளரின் குருமரபிலோ ஒரு கட்டுப்பாடு உண்டு: கண் திறக்கும்வரை, பால் வார்ப்பவளின் பெயரையும் ஊரையும் யாரும் கேட்கக் கூடாது; கேட்டால் மருந்து பலிக்காதாம். கோட்டை வாசலில் கைக்குழந்தையோடு ஒருத்தி தென்பட்டாள், "பால் வார்க்க வருகிறாயா, அம்மா?" என்றார்கள், வந்தாள். எறும்பு நுழைந்தாலும் விசாரிக்கிற காவலர்கள் அவளை மட்டும் விசாரிக்கவில்லை.

மருத்துவர் வெளியே போனதும் அவள் அருகில் வந்து அமர்ந்தாள். பால் சங்கைத் தரையில் வைக்கும் ஓசை விழுப்பரையருக்குப் பழகியது. இன்று அதை அடுத்து இன்னொரு சிறிய ஓசை கேட்டது, சிப்பி ஒன்றை வைத்தாற்போல. கூடவே ஒரு பச்சை நெடி. எத்தனையோ பாசறைகளைச் சுற்றிக் கள்ளி வேலி வளைத்தவருக்கு அந்த நெடி தெரியாதா? கள்ளிப்பால்! வேலி வெட்டுகையில் அது தெறித்துக் கண் அவிந்த வீரர்களை அவர் பார்த்திருக்கிறார். இந்தக் கண் திறக்கக் கூடாதென்று இவள் நினைக்கிறாள் என்றால், சிறையில் இருப்பவனுக்கு இவள் யார் என்பதும் விளங்கிப் போயிற்று.

ஒரு குரல் கொடுத்தால் போதும், காவலர் பாய்ந்து வருவார்கள். அவர் குரல் கொடுக்கவில்லை. இரக்கத்தினால் அல்ல, வாசகர்களே! அவருக்கு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கட்டை அவள் தளர்த்தினாள். இமையை விரல்களால் பிரித்தாள். அதையெல்லாம் எவனுடைய கண்ணுக்கோ நடப்பது போல அவர் கவனித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்தபடியே கிடந்தார்.

வெகுநேரம் ஒன்றும் விழவில்லை.

பிறகு ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. எரியவில்லை.

மறுநாள் காலை, கோட்டை மண்டபத்தில் சபை கூடியிருக்க, சீராளர் கட்டை அவிழ்த்தார். முதலில் வெள்ளையாய் ஒரு கூச்சம். அப்புறம் தூண்கள், தலைப்பாகைகள், ஓரம் கலைந்த முகங்கள். "எத்தனை விரல்?" என்றார் மருத்துவர். "மூன்று. நகத்தில் அழுக்கு" என்றார் விழுப்பரையர். சபை மகிழ்ந்து ஆரவாரித்தது. அவருக்கு மட்டும் மகிழ்ச்சியில்லை. பார்வை வந்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

கைதியைக் கொண்டுவந்தார்கள். "இன்னும் அருகே, இன்னும்" என்று மூச்சுப் படும் தூரத்துக்கு வரச் செய்து உற்றுப் பார்த்தார். இடப்புருவத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடியது ஒரு தழும்பு. காடவன் விழுமுன் கடைசியாக வீசிய வீச்சு அது.

"இவன்தான்" என்றார்.

கைதி தலை குனிந்தான். "நான்தான், ஐயா. ஆத்திரத்தில் கை நீண்டுவிட்டது" என்றான்.

சபைத் தலைவர் எழுந்தார். "விழுப்பரையரே! வழக்கப்படி கேட்கிறோம். வாளா, விளக்கா?"

"அதற்குமுன் ஒரு விஷயம். கண் திறந்தாயிற்று, இனிப் பெயர் கேட்கலாமல்லவா? எனக்குப் பால் வார்த்தவளை அழையுங்கள்."

தூணோரமிருந்து குழந்தையும் கையுமாக அவள் வந்து நின்றாள். "பெயர் ஆழிநங்கை. அதோ நிற்கிறாரே, அவருடைய மனைவி" என்றாள்.

"அடி பாதகி! பிடியுங்கள் அவளை!" என்று சபை கொதித்தெழுந்தது. சீராளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் அவளைத் தொடக் கூடாது!" விழுப்பரையரின் குரல் பழைய போர்முனைக் குரலாக ஒலித்தது, அதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகம் திகைத்தவர் அவரேதான். அவளைக் கிட்டே அழைத்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்: "அந்தச் சிப்பி இன்னும் மடியில் இருக்கிறதா, அம்மா?"

அவள் முகம் வெளுத்தது. "தெரியுமா? தெரிந்துமா கண்ணை மூடாமல் கிடந்தீர்கள்?"

"மூடத் தோன்றவில்லை. போனால் போகட்டும் என்றிருந்தது. நீ ஏன் ஊற்றவில்லை?"

"ஊற்றத்தான் வந்தேன், ஐயா. தாலி போய்விடுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் தினமும் பால் வார்த்த கண்ணாயிற்றே! என் பிள்ளைக்கு வைத்திருந்ததில் பாதியைக் குடித்த கண். கை வரவில்லை."

அவள் தோளில் கிடந்த குழந்தை அவருடைய நரைத்த மீசையை எட்டிப் பிடித்து இழுத்தது. காடவனும் அப்படித்தான் இழுப்பான். இத்தனை ஆண்டுகளில் அது அவர் நினைவுக்கு வந்ததே இல்லை.

"சபையோரே, கேளுங்கள்!" என்று அவர் எழுந்தார். "இந்தப் பெண்ணின் பால் என் உடம்பில் சேர்ந்திருக்கிறது. எனக்குப் பால் கொடுத்தவளைத் தாலி அறுக்க வைத்தால் நான் மனிதனல்ல. விளக்கு! வெள்ளாற்றங்கரைக் கோயிலில் என் மகன் பெயரால் விளக்கு எரியட்டும். இவன் உயிருள்ளவரை தோளில் நெய் சுமந்து வரட்டும். அந்தச் சுடரை நான் அந்திதோறும் இந்தக் கண்ணால் வந்து பார்ப்பேன். இது காடவன்மேல் ஆணை!"

மகனின் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது எரித்த நாளுக்குப் பின் அதுவே முதல் தடவை. சொன்னதும் கீழுதடு கோணிற்று, வலக்கண்ணின் ஓரத்தில் ஏதோ திரண்டு பளபளத்தது.

"ஐயோ, வேண்டாம்! கண் போய்விடும்! விழுப்பரையரே, அழாதேயும்!" என்று துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார் சீராளர்.

"துடைத்துக்கொண்டே இரும், வைத்தியரே, துடைத்துக்கொண்டே இரும்" என்றார் விழுப்பரையர். ஆனால் அழுகையை நிறுத்தவில்லை.