ஆறாவது விம்பம்

1963 தை மாதம் ஆசிரியை பூரணி மாற்றலாகி வந்த பெண்கள் பாடசாலை, திருகோணமலை உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன பழைய கட்டடத்தில்தான் பௌதிக ஆய்வுகூடம். சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. மத்தியான வெயிலிலும் உள்ளே ஈரச் சாக்கின் மணம்.

இரண்டாவது கிழமை பத்தாம் வகுப்புக்கு ஒளித்தெறிப்புப் பாடம். யன்னல்களில் கறுப்புத்துணி கட்டி அறையை இருட்டாக்கினாள். இரண்டு கண்ணாடிகளை அறுபது பாகையில் நிறுத்தி, நடுவில் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். ஐந்து விம்பங்கள் தெரியும் என்று கணக்கை விளக்கிவிட்டுப் பிள்ளைகளை எண்ணச் சொன்னாள்.

"ஆறு தெரியுது டீச்சர்," என்றாள் முன்வாங்கில் இருந்த நஜ்முன் நிஸா.

கணக்கில் பிழைவிடாத பிள்ளை அவள். பூரணி குனிந்து எண்ணினாள்.

ஆறு.

கண்ணாடியில் கீறல் இருக்கும் என்று சமாதானம் சொல்லித் துணியால் துடைத்தாள். மறுபடியும் ஆறு. ஐந்து சுடர்கள் ஒன்றாக ஆடின. ஆறாவது ஆடவில்லை. அவள் மெழுகுதிரியை ஊதினாள்.

ஐந்து மட்டும் அணைந்தன.

நிஸா கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் குசுகுசுத்தாள்:

"கிட்ட வருது டீச்சர்."

விம்பம் கிட்ட வந்தால் பொருளும் கிட்ட வருகிறது. சற்று முன்னர் பூரணியே படிப்பித்தது. திரும்பினாள். பின்னால் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லை. ஆனால் ஏதோவொரு சூடு அவளுடைய கன்னத்தை உரசிக்கொண்டு நிஸாவின் பக்கமாகப் போயிற்று. திரி கருகும் வாசம்.

பிள்ளையை இழுத்தெடுக்க நினைத்தாள். கை எழவில்லை.



பின்வாங்கில் யாரோ அலறியபடி கறுப்புத்துணியைப் பிடித்து இழுக்க, வெயில் உள்ளே விழுந்தது. நிஸா நிமிர்ந்தபடி இருந்தாள். இமைக்கவில்லை. அந்தப் பட்டப்பகலில், அவளுடைய இரண்டு கண்மணிகளுக்குள்ளும் ஒவ்வொரு சுடர்.

ஆஸ்பத்திரியில் பார்வை போய்விட்டது என்றார்கள். காரணம் சொல்லவில்லை. இமையை விரித்துப் பார்த்த டாக்குத்தர் சட்டென்று தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்ததைப் பூரணி கண்டாள்.

ஒரு மாதம் கழித்து நிஸாவின் வீட்டுக்குப் போனாள். தகப்பன் பக்கீர் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு நிலத்தில் குந்தினார்.

"நீங்க படிச்சவங்க டீச்சர்," என்றார் அவர். "இத அணைக்க ஒரு வழியும் இல்லையா?"

பூரணி எழுந்தாள். பாயில் இருந்த நிஸாவின் முன்னால் முழந்தாளிட்டு அவளுடைய கையைப் பிடித்தாள். கண்களுக்குள் பார்த்தாள். தன் முகம் சின்னதாகத் தெரிந்தது. தோளுக்குப் பின்னால் சுடர். சுடரைக் காற்றுப்படாமல் பொத்திப் பிடித்திருந்த நீண்ட விரல்கள்.

நிஸாவின் பிடி இறுகியது.

"எனக்கு இப்ப அது மட்டுந்தான் தெரியுது," என்றாள் மெல்ல. "திரும்பாதீங்க டீச்சர்."

பூரணியின் பிடரி சுட்டது.