வெற்றுக் குப்பியில் இரண்டு கோடுகள்

வெற்றுக் குப்பியில் எதுவும் இருக்கக் கூடாது. தூய கரைப்பானை மட்டும் ஊற்றி ஜெயரூபன் தன் கையாலேயே வைத்த குப்பி அது. ஆனாலும் மூலக்கூறுகளைத் திணிவு வாரியாகப் பிரித்துக் காட்டும் அந்த நிறமாலைமானி, பம்பின் உறுமலுக்கும் ஏசிக் குளிருக்கும் நடுவே, திரையில் இரண்டு கோடுகளை நிமிர்த்தி வைத்தது. எண்பத்தொன்பது. நூற்றுமூன்று. இறைச்சி அழுகும்போது வருகிற சாமான்கள்.

“போத்தலை ஒழுங்காக் கழுவத் தெரியாதோ? மீன் திண்ட கையோடை வந்து நிக்கிறாய்,” என்று உதவியாளர் தனுசியாமீது பாய்ந்தான்.

“இண்டைக்கு வெள்ளி, சேர். நான் மச்சம் தொடேல்லை. மூண்டு தரம் கழுவினனான்.”

அவளையும் அவளுடைய விரதத்தையும் சேர்த்தே இளக்காரமாகப் பார்த்தான். இந்த அரியாலை ஆய்வுகூடத்தில் தன்னைத் தவிர எல்லோரும் மொக்கர் என்பது அவனுடைய தீர்ப்பு. பனங்கிழங்கு மாவில் அவன் செய்த, உணவு சுற்றும் தாள் மீனை நாற்பது நாள் பழுதாகாமல் வைத்திருந்தது. சோதித்து முடியட்டும் என்று தனுசியா கெஞ்சினாள். பயந்தாங்கொள்ளி என்று சிரித்துவிட்டு, ஒரு மாதமாகத் தன் சோற்றையும், மதிலுக்கு அப்பால் முன்பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாட்டையும் அந்தத் தாளில்தான் சுற்ற வைத்திருந்தான். சோதனை அவனுக்கு வெறும் சடங்கு.

தனுசியா புதுக் குப்பி ஒன்றைத் தயாரித்து வைத்தாள். திரை வெறுமையாகக் கிடந்தது.

அவன் ஒன்றை வைத்தான். இரண்டு கோடுகளும் முன்னைவிட உயரம்.

சவர்க்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினான். விரலைப் பஞ்சால் ஒற்றி, பஞ்சைக் கரைப்பானில் நனைத்து, அதை மானிக்குக் கொடுத்தான். கோடுகள் திரையின் மேல் விளிம்பில் முட்டின.

“உது சேரிட்டையிருந்துதான் வருது.” தனுசியா கதவோடு ஒதுங்கி நின்றாள்.

“உன்ரை விசர்க்கதையை நிப்பாட்டு!”

ஊசியை எடுத்துப் பெருவிரலில் குத்தினான். நோகவில்லை. ஆழமாகக் குத்தினான். இரத்தம் வரவில்லை. மற்ற விரல். அதிலும் இல்லை. தோல் மட்டும் மினுமினுவென்று. புதிதாக. பழுதாகாமல்.

அப்போதுதான் அவனுக்குப் பயம் பிடித்தது. தனக்காக மட்டும் அல்ல. முன்பள்ளியில் இந்நேரம் காது கிழியக் கத்துவார்கள். சத்தமே இல்லை.

யன்னல் திரையை விலக்கினான்.

உச்சி வெயில். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கையில் சாப்பாட்டுப் பொதி. கொழுகொழுக் கன்னங்கள். கன்னங்களில் மொய்க்கும் இலையான்கள். உதடுகளில். திறந்த கண்களில்.

ஒரு பிள்ளையும் கையை உயர்த்தவில்லை. ஒரு இமையும் மூடவில்லை.