ஞானசேகரம் பெயரில் ஓர் அறை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபத்தெட்டுக்கு மொரோக்கோவின் மராக்கேசிலிருந்து செய்தி வந்தது.

"சின்யோர் ஞானசேகரம் நலமாக வந்து சேர்ந்தார். முற்றத்தைப் பார்த்த அறையைக் கொடுத்திருக்கிறோம்."

கேசினி ஈரத் துணியை வாளியின் விளிம்பில் போட்டுவிட்டு இன்னொரு முறை வாசித்தாள். விடுமுறைக்கு அவள் பதிந்த அறை வெள்ளிக்கிழமையிலிருந்துதான். அவள், புருசன் றெஜி, ஏழு வயது மகள் அனிற்றா. மூன்று பேரும் இன்னும் இத்தாலியில், பலேர்மோவில்தான் இருந்தார்கள். றெஜி துறைமுகத்தில் கப்பலுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். அனிற்றா, கேசினி வேலை செய்யும் இந்த வீட்டின் முன்னறையில், எசமானி கிழவி சின்யோராவுக்குப் பக்கத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தாள்.

ஞானசேகரம் கேசினியின் அப்பா. செத்து ஐந்து வருசம்.

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை. பழகின பிழை. தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அந்த இடத்தில் தகப்பன் பெயரை எழுதிவிடுவார்கள். இத்தாலிக்காரன் அதைத்தான் முதலில் வாசிப்பான். குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், விசாக் கடதாசிக்கு வரிசையில் நின்றால், "ஞானசேகரம்!" என்று பொலிஸ்காரன் கத்துவான், அவள் எழும்பிப் போவாள். மருந்துக் கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் அவள் சின்யோரா ஞானசேகரம். இந்த நாட்டில் கல்யாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது. பதினொரு வருசமாக அந்தப் பெயருக்குக் கை உயர்த்துகிறாள். அனிற்றாவிடம் மட்டும் அது போகவில்லை. பிள்ளைக்கு றெஜியின் பக்கத்துப் பெயர், யோசேப். அந்த மனுசன் தன்னோடு முடிந்துபோகிறான் என்பது கேசினி ஒருவருக்கும் சொல்லாத சந்தோசம்.

"நீங்கள் பிழையாக விளங்கிவிட்டீர்கள்," என்று பதில் எழுதினாள். "ஞானசேகரம் நான்தான். வெள்ளிக்கிழமை வருவோம்."

வெளியே இரண்டாவது நாளாக அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆபிரிக்கப் பக்கமிருந்து கடலைத் தாண்டி வந்த மண் வானத்தைச் செம்மஞ்சளாக்கியிருந்தது, பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், லிபெர்த்தாப் பகுதியின் அகலத் தெருக்களில் ஒரு குருவி இல்லை, யன்னல்களின் மரத் தட்டிகளை இறுக்கிச் சாத்தியும் இடுக்குகளால் ஊதிக்கொண்டு வந்து, பளிங்குத் தரையில் அவள் துடைத்த கையோடு மறுபடி மெல்லிய செந்தூள் படிந்தது, பழைய தளபாடங்களின் மெழுகு வாசத்துக்கு மேலே அடுப்பில் காய்ந்த மண்சட்டியினது போல ஒரு வாசம் ஏறிக்கொண்டிருந்தது.

அந்த மராக்கேஸ் வீட்டைத் தேர்ந்தெடுக்க அவளுக்கு மூன்று கிழமை பிடித்தது. சின்யோரா மத்தியானம் படுக்கும் நேரத்தில் குசினிக் கதிரையில் இருந்து போனில் ஒவ்வொரு வீடாகப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி நடுமுற்ற வீடுகள். ஒன்றில் மொட்டைமாடியில் காலைச் சாப்பாடு. ஒன்றில் நீச்சல் தடாகம். ஒன்று பெரிய சந்தைத் திடலுக்குக் கிட்ட, ஆனால் சாக்கடைக் கான் மணக்குது என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். கேசினி அதெல்லாம் பார்க்கவில்லை. படங்களைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் கதவுகளைப் பார்த்தாள்.

"ஊர் உலகத்திலை ஆக்கள் பூல் பாக்கினம், வியூ பாக்கினம்," என்று றெஜி சிரித்தான். "நீ தாழ்ப்பாள் பாக்கிறாய். உன்னை ஆரும் தூக்கிக்கொண்டு போகமாட்டாங்கள், பயப்பிடாதை."

"உங்களைத் தூக்கினாலும் பாதி வழியிலை இறக்கி விட்டுடுவாங்கள்," என்றாள் அவள்.

தாழ்ப்பாள் ஏன் என்று அவனுக்குத் தெரியாது. அப்பா காய்ச்சலில் போனவர், அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தவ. அவனுக்கு அவ்வளவுதான் சொல்லியிருந்தாள். ஒன்பது வயதில் அம்மா அவளைப் பசளை மூட்டை அறைக்குள் தள்ளி, "உள்ளாலை பூட்டு பிள்ளை, நான் சொன்னாலும் திறவாதை," என்றதையும், கதவுக்கு வெளியே மண்வெட்டிப்பிடி எத்தனை தரம் இறங்கியது என்பதையும், அம்மா ஒருமுறைகூட அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதையும் சொல்லவில்லை. அருளம்மா, வழுக்கி விழுந்து மரணம். அப்படித்தான் பதிந்தார்கள்.

பத்து மணிக்கு அடுத்த செய்தி. எழுதியவள் நாடியா, மராக்கேஸ் வீட்டுக்காரி.

"பிழை இல்லை, சின்யோரா. அவர் உங்கள் பதிவின் பெயரைச் சொன்னார். புத்தகத்தில் கையெழுத்தும் வைத்தார்."

கீழே ஒரு படம். கோடு போட்ட பதிவுப் புத்தகம். அரபியிலும் பிரெஞ்சிலும் பெயர்கள். கடைசி வரியில் தமிழ். ஞானசேகரம். பேனை கடதாசியைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி, 'ஞா'வின் சுழியை முடிக்காமல் பாதியில் விட்டு.

அப்பா அப்படித்தான் எழுதுவார்.

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். கை கழுவினாள். குழாயில் தண்ணீர் சூடாக வந்தது. ஆரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி விளையாட அந்தச் சுழியைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருவர்தான் இருந்தார்கள். ஒருத்தி அம்மா.

போன் மேசையில் அதிர்ந்தது.

"உங்கள் அப்பா எங்கள் வேலைக்காரப் பிள்ளையின் மணிக்கட்டை முறித்துவிட்டார். தேநீர் ஆறிப்போயிருந்தது போலிருக்கிறது. தயவுசெய்து அவரோடு பேசுங்கள். அவர் பேசுவதில் பாதி எங்களுக்கு விளங்கவில்லை."

அதோடு ஒரு குரல் பதிவு. முப்பத்தொரு செக்கன்.

கேசினி அதை அழுத்தினாள். தண்ணீர் ஓடும் சத்தம் முதலில் கேட்டது, ஏதோ ஊற்று, கூண்டுக் குருவிகள், ஒரு இளம் பெண் மூச்சை விட்டு விட்டு அழுதாள், கல்லில் செருப்புத் தேய்த்து ஆரோ மெதுவாக அவளைச் சுற்றி நடந்தார்கள். பிறகு, வாயைப் போனுக்கு மிகக் கிட்டக் கொண்டுவந்து:

"ஆறின தேத்தண்ணியை நாய்க்கே வைக்கிறாய், அருளம்மா?"

குசினி வாசலில் அனிற்றா நின்றாள்.

"மம்மா, ஆர் அது தமிழிலை கதைச்சது?"

"ஒருத்தருமில்லை. போ, சின்யோராவோடை இரு."

"நோன்னா மாதிரிக் கதைக்கிற ஆள்." பிள்ளைக்கு நோன்னா, பாட்டி என்றால் ஊரில் இருக்கும் றெஜியின் அம்மா.

"அது நோன்னா இல்லை. நோன்னோவும் இல்லை. போ எண்டு சொன்னனான்."

பிள்ளை போனாள். கேசினி றெஜிக்கு எடுத்தாள். பின்னால் கப்பல் சங்கும் பாரந்தூக்கியின் சத்தமும்.

"என்னப்பா, வேலை நேரத்திலை?"

அவள் சொன்னாள். அப்பாவின் பெயரில் ஆரோ வந்து தங்கியிருக்கிறான், ஆட்களுக்கு அடிக்கிறான் என்று மட்டும் சொன்னாள்.

"கள்ளன் ஒருத்தன் உன்ரை புக்கிங்கைப் பாத்திட்டான். கான்சல் பண்ணு. நாங்கள் நாப்போலிக்குக் கப்பலிலை போவம், எனக்கு ரிக்கற்றிலை கழிவு இருக்கு." அவன் சிரிக்கப் பார்த்தான். "கேசினி, அழுறியே? கான்சல் பண்ணிப்போட்டுப் போனை வை. இதுக்குப் போய் ஆரும் அழுவினமே."

வைத்ததும் இன்னொரு படம் வந்திருந்தது. முற்றம். அவள் மூன்று கிழமை பார்த்த அதே முற்றம், பச்சை ஓடு பதித்த தொட்டி, நடுவில் ஆரஞ்சு காய்த்த தோடைமரம். தொட்டித் தண்ணீரில் ஒரு மஞ்சள் செருப்பு மிதந்தது. தண்ணீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது.

"தோட்டக்காரனிடமிருந்து மண்வெட்டியைப் பறித்துவிட்டார்," என்று நாடியா எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

கேசினி பதிவைத் திறந்தாள். ரத்துச் செய்க. காரணம் கேட்டது. 'வேறு' என்பதை அழுத்தினாள். விரல் ஈரத்துக்கு இரண்டு தரம் எடுபடவில்லை. மூன்றாம் தரம் எடுபட்டது.

"ஞானசேகரம் பெயரிலான அறை ரத்தாகிவிட்டது. விருந்தினருக்கு அறிவித்துவிட்டோம்."

பதினொன்று ஐந்து. அவள் கதிரையில் இருந்தாள். நெஞ்சு மெல்ல மெல்ல இறங்கியது. முன்னறையில் தொலைக்காட்சிக்காரன் எதற்கோ கைதட்டச் சொன்னான், அனிற்றா கைதட்டினாள்.

பிறகு நாடியாவின் செய்தி வந்தது. எழுத்துகள் பிழைத்துப் பிழைத்து, அவசரத்தில்.

"ஏன் ரத்துச் செய்தீர்கள்? அவரை அறைக்குள் விட்டுப் பூட்டியிருந்தோம். அறை அவர் பெயரில் இருந்ததால் இருந்தார். இப்போது அறை இல்லை என்கிறார். பதிவில் உள்ள முகவரியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. என் கையிலிருந்து அவரே"

அவ்வளவுதான்.

பதிவில் உள்ள முகவரி இந்த வீடு. கேசினியும் றெஜியும் இருந்தது கபோப் பகுதியில், சந்தைக்கு மேலே இரண்டு அறையில். ஆனால் அவளுடைய கடதாசிகள் எல்லாம் சின்யோராவின் வீட்டில் பதிவு. தபால் வர வேண்டுமே என்று தெருவாசல் மணிப்பலகையில் சின்யோராவின் பெயருக்குக் கீழே அவளே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருந்தாள். நாலாம் மாடி. GNANASEKARAM. கெட்டியான எழுத்தில், மழையில் அழியாமல் மேலே பிளாஸ்ரிக்கும் ஒட்டி.

அவருடைய பெயர் வாசலில் எழுதியிருந்தது.

பதினொன்று ஒன்பதுக்குக் குசினிச் சுவரிலிருந்த வாசல்போன் அலறியது. அவள் எடுத்தாள். கீழேயிருந்து காவல்காரன்.

"சின்யோரா ஞானசேகரம்? உங்கள் அப்பா வந்திருக்கிறார். தலையெல்லாம் மண், பாவம். மேலே அனுப்புகிறேன்."

"வேண்டாம். விடாதையுங்கோ," என்று தமிழில் சொன்னாள். பிறகு இத்தாலியனில். "விடாதீர்கள். கதவைச் சாத்துங்கள். அது என் அப்பா இல்லை."

"பலகையில் இருக்கிற பெயரைத்தானே காட்டுகிறார்," என்றான் காவல்காரன். பிறகு வேறு பக்கம் திரும்பி, "ஐயா, அதைக் கீழே வையுங்கள். ஐயா"

ஈர மண்ணில் மண்வெட்டி இறங்கும் சத்தம். ஒரு தரம். ஏதோ இழுபட்டது. இன்னொரு தரம். இன்னொன்று. அவசரமில்லாமல், பாத்தி கட்டுகிறவனைப் போல, மூச்சு வாங்கி வாங்கி. பிறகு அந்த மூச்சு வாசல்போனுக்குக் கிட்ட வந்தது. கேட்டுக்கொண்டு நின்றது.

அவள் வாசல்போனைத் திரும்ப வைத்தாள்.

லிஃப்ற் கிளம்பியது. பழைய லிஃப்ற், இரும்புக் கூடு. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு முறை உலுக்கும்.

ஒன்று.

குசினியிலிருந்து முன்னறைக்கு நீளமான நடை. கேசினி ஓடினாள். தரையின் செந்தூளில் கால் வழுக்கியது.

இரண்டு.

முன்னறையில் சின்யோரா ஏற்கெனவே எழும்பிவிட்டாள். பொல்லை ஊன்றிக்கொண்டு வெளிக்கதவை நோக்கிப் போனாள். எண்பத்தாறு வயது. ஒருவரும் வராத வீடு. லிஃப்ற் சத்தம் கேட்டாலே முகம் மலரும் மனுசி.

"சின்யோரா, திறக்காதீர்கள்!"

"யாரோ வருகிறார்கள், மகளே," என்றாள் கிழவி.

மூன்று.

இரண்டு கை. ஒரு பிள்ளை, ஒரு கிழவி. கிழவி கதவடியில் நின்றாள். பிள்ளை கதிரையில். கேசினி பிள்ளையைத் தூக்கினாள்.

குளியலறை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். கதவின் மேற்பாதி மங்கல் கண்ணாடி. அவள் அனிற்றாவை மடியில் அமுக்கித் தரையில் இருந்தாள். முதுகு குளியல் தொட்டியில்.

நாலு.

இரும்புக் கதவு மடிந்து திறந்தது. வீட்டுக் கதவின் பூட்டு திரும்பியது.

"அவாந்தி, அவாந்தி," என்றாள் சின்யோரா சந்தோசமாக. உள்ளே வாருங்கள், உள்ளே வாருங்கள்.

அந்தச் சத்தம்.

பொல்லு பளிங்கில் விழுந்து உருண்டது. தொலைக்காட்சியில் கைதட்டினார்கள். அந்தச் சத்தம் மறுபடி. மறுபடி. கிழவியின் வாயிலிருந்து ஒரு சின்ன 'ஓ', ஆச்சரியப்பட்ட மாதிரி. மறுபடி.

பிறகு தொலைக்காட்சி நின்றது.

காற்றும் நின்றது. யன்னல் தட்டிகள் ஆடவில்லை. நடையில் செருப்புத் தேய்ந்தது. குசினியைப் பார்த்தது. படுக்கையறையைப் பார்த்தது. ஒவ்வொரு கதவாக.

"மம்மா," என்று அனிற்றா வாயெடுத்தாள். கேசினி உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

மங்கல் கண்ணாடியில் ஒரு நிழல் வந்து நின்றது. உயரம். தோள். கையில் நீளமாக ஒன்று, அதன் நுனியில் வெள்ளை மயிர். நிழல் கைபிடியைத் தொடவில்லை. கண்ணாடியை உடைக்கவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்தது. அப்படியே மெல்ல மெல்லக் குந்தியது, பிள்ளையின் உயரத்துக்கு. நெற்றி இறங்கிய வழியெல்லாம் கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு இறங்கிவந்து, மரத்தோடு முட்டி நின்றது.

கதவின் கீழிடுக்கால் மூச்சு வந்தது. மண் வாசம்.

கேசினியின் உள்ளங்கைக்குள் சின்ன உதடுகள் அசைந்தன. ஆர் கேட்டாலும் 'அனிற்றா யோசேப்' என்று பெயர் சொல்ல வேண்டும் என்று அவளே பழக்கிய பிள்ளை.

வெளியே குரல் கனிந்திருந்தது. விருந்துக்கு வந்த எந்தப் பெரியவரும் வீட்டுப் பிள்ளையிடம் கேட்கும் குரல். கேசினியிடம் ஒருநாளும் அப்படிக் கதைத்ததில்லை.

"என்ரை குஞ்செல்லே, உன்ரை முழுப்பேரை அப்பப்பாவுக்கு... இல்லை, அம்மப்பாவுக்கு ஒருக்காச் சொல்லு பாப்பம்?"